ஐம்பது கிராம்

மீன் தட்டின் அடியில்
புளி வைத்து ஒட்டியிருந்தேன்,
இவரின் வலையில் அறுத்த ஈயக்குண்டு ஒன்று.
ஐம்பது கிராம்.
திருக்கடலூர்ச் சந்தியில்
மூன்று வருஷம் ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை வேத வகுப்புக்கும் போனேன்.
கொடியையும் கிளையையும் பற்றிப் படிக்கையில்
முன்வரிசையில் இருந்து
சிவப்புப் பென்சிலால் கோடும் இழுத்தேன்.
உப்புக்காற்றில் ஊதிய தாள்களுக்கிடையே
மீன்செதில் ஒன்று.

வாடை அடித்து வள்ளம் போகாத ஒரு நாள்
சும்மா விரித்தேன்.
கள்ளத்தராசு பற்றிய வசனம்.
அதன் கீழும் சிவப்புக் கோடு;
நானேதான், எப்போதோ.
பென்சிலுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அல்ல,
ஒன்பதாம் நாள்தான் கழற்றினேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சூரை வாங்கிய நபீலா டீச்சர்
"இண்டைக்கு மீன் கூடிப்போச்சோ, சலோமி?" என்றா.
"இல்லை டீச்சர். இண்டைக்குத்தான் சரி."
பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு
கொஞ்சநேரம் நின்றா.

கனி என்றால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன்.
அன்று பெட்டியில் எழுநூறு ரூபாய் குறைவு.
மகளின் கொப்பிக்காசு.

ஈயக்குண்டை
இவரின் வலையிலேயே திரும்பக் கோத்துவிட்டேன்.
இரவிரவாய் அது இப்போது
ஆழத்துக்குப் போய்வருகிறது.