ஆபத்திலுள்ள உறுப்புகள்

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கட்டாவிட்டால்
பட்டியலிலிருந்து என் பெயர் போய்விடும்.
இது மூன்றாவது நினைவூட்டல்.
போன வருடம் வரை மருத்துவமனை கட்டியது.
இந்த முறை நிதிப் பிரிவின் கர்ட் ஓஸ்ட்பி
ஒரே வரியில் எழுதிவிட்டார்:
அத்தியாவசியமற்ற சந்தாக்கள் நிறுத்தம்.
அந்த வரியில்தான்
காத்திருப்பு அறையின் தோட்டக்கலை இதழும் நின்றது.

துலூத்தில் இன்று பூஜ்யத்துக்கும் வெகு கீழே.
ஏரி கொதிக்கிறதோ என்று எண்ணும்படி
ஆவி எழும்புகிறதாம். யாரோ சொன்னார்கள்.
நான் இருப்பது நிலவறை, ஜன்னல் கிடையாது.
இரண்டு திரைகள்,
மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அரிந்து அடுக்கிய
யாரோ ஒருவரின் கழுத்து.

கட்டியைச் சுற்றி மருத்துவர்
சிவப்பில் கோடு போட்டுத் தருவார்.
எரிய வேண்டியது அது.
மீதியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.
தண்டுவடம் மஞ்சள், குரல்வளை நீலம்,
காதடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டும் பச்சை.
எங்கள் தொழிலில் இவற்றுக்குப் பொதுப்பெயர்
ஆபத்திலுள்ள உறுப்புகள்.

படிவம் கேட்கிறது: உறுப்பினர் வகை?
முழு, இணை, மாணவர், ஓய்வுபெற்றவர்.
முழு என்ற கட்டத்தில் சுட்டியை வைக்கிறேன்,
எடுத்துவிடுகிறேன்.

நேற்று ராத்திரி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே
ராய்ஸ் கேட்டான், அத்தனை டாலருக்கு என்ன தருவார்கள் என்று.
ஒரு அட்டை. தேர்வுப் புள்ளிகளில் சலுகை.
ஆண்டுக் கூட்டத்தில் கழுத்தில் தொங்கவிட ஒரு நாடா.
"பனிக்கால டயர் வாங்கலாம்" என்றான்.
தப்பாகச் சொல்லவில்லை.
இரண்டே வாங்கலாம்.

அவனிடம் சொல்லாதது இது.
நான்கு மார்ச்சுகளுக்கு முன், ஒரு வியாழன்,
மணி ஏழைத் தாண்டிவிட்டது.
திங்களன்று சிகிச்சை தொடங்க வேண்டிய ஒருவர்;
பெயரைச் சொல்லச் சட்டம் விடாது.
இடது சுரப்பி போனது போனதுதான்.
வலதையாவது இருபத்தாறு கிரேக்குக் கீழே இறக்கப் பார்த்தேன்.
முப்பத்தொன்று. இருபத்தொன்பது. மறுபடி முப்பது.
தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத போர்வை.
கட்டடத்தில் இந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்தி.

உறுப்பினர் கையேட்டைத் திறந்தேன்.
ஏதோ ஒரு கூட்டத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையில்
எனக்கு முன்னால் நின்றவள்,
டெல்ஃபினா பாகா, அல்புகர்க்கி.
எடுப்பாள் என்று நினைக்கவில்லை.
பின்னணியில் ஒரு குழந்தை டிரம்பெட் பழகியது.
படம் அனுப்பக் கூடாது, வாயால் வரைந்து காட்டினேன்.
"உன் வில் எங்கே தொடங்குகிறது?" என்றாள்.
சொன்னேன்.
"அங்கே கதிரை அணை. மேசையைப் பத்து டிகிரி திருப்பு.
அவசரப்படாதே, நான் இருக்கிறேன்."
இருபத்தைந்து புள்ளி எட்டு.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
அந்தப் பிசிறடித்த டிரம்பெட்டையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

நோயாளிகளுக்கு என்னைத் தெரியாது.
மருத்துவரைத் தெரியும், நர்ஸைத் தெரியும்,
மேசையில் படுக்கவைக்கும் பையனுக்குக் குக்கீகூட வரும்.
கடைசி நாளன்று அவர்கள் அடிக்கும் மணி
படிக்கட்டு வழியாகக் கீழே வந்து சேரும்.

போன சனிக்கிழமை, பாலத்துப் பக்கத்து மீன்கடையில்
ஒருவர் நின்றபடியே புகைமீனைப் பிய்த்துத் தின்றார்.
கீழ்த்தாடையில் அந்தச் சின்னக் கோணல்.
முகத்தை நான் பார்த்ததே இல்லை,
எலும்பை மூன்று நாள் பார்த்திருக்கிறேன்.
அவராக இல்லாமலும் இருக்கலாம்.
கையில் தண்ணீர் பாட்டில் இல்லை.
விரலை நக்கினார்.
உப்புத் தூக்கல் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.
நான் அரை பவுண்டு வாங்கிக்கொண்டு
காரில் உட்கார்ந்து
அல்புகர்க்கிக்கு மட்டும் எழுதினேன்:
உப்புத் தூக்கலாம்.
வேறு யாருக்கு இது புரியும்?

சந்தா செலுத்துபவர்: நிறுவனம், சுயம்.
சுயம்.
பின் டயர்கள் இன்னொரு குளிர்காலம் தாங்கும்.
தாங்காவிட்டால் பஸ் இருக்கிறது.

அடுத்த கழுத்து வந்துவிட்டது.
பெண், முப்பத்தெட்டு.
கீழ்வரிசையில் ஒரு பல்லைக் காணோம்.