கொஞ்சம் தலைக்கனம்

கிம்லிக்கு வெளியே, தானியக் கிடங்கின் லாரித் தராசில்
டிரெய்லரோடு ஏற்றினோம்.
டிரெய்லரைக் கழித்தோம்.
பதினான்கு அடிப் படகு, எழுபத்து நான்கில் வார்த்தது,
இருக்க வேண்டியதற்கு மேல்
நூற்று அறுபது கிலோ.
"ரெண்டு பேர் உள்ளே ஒளிஞ்சிருக்காங்க"
என்றான் ஓரெஸ்ட்.

தளத்தை அறுத்துத் தூக்கினோம்.
மேலே மஞ்சள் நுரை. கீழே போகப் போகப் பழுப்பு.
ஆஸ்டிஸ் வீட்டுக்குள் போய் ரொட்டிக் கத்தியோடு வந்தாள்.
அறுத்தெடுத்த முதல் துண்டு
செங்கல் அளவு,
செங்கல் கனம்.
மிதக்கட்டும் என்று வைத்தது
இத்தனை கோடைகளும் வின்னிபெக் ஏரியைக் குடித்துவிட்டு
ஏப்ரல் முடிந்தும் உருகாத ஒரு பனித்துண்டை
வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்தது.

அதன் மேல் உட்கார்ந்துதான் நான்கு வருஷம்
பிக்கரல் பிடித்திருக்கிறாள் ஆஸ்டிஸ்.
ஒன்றும் சொல்லவில்லை.
பதினொரு குப்பைப் பைகள் நிறைத்தாள்.

நூறு லிட்டர் புது நுரை
தொண்ணூற்றாறு கிலோவைத் தாங்கும், ஏறக்குறைய.
அட்டைப்பெட்டி மூடியில் கணக்குப் போட்டேன்:
என்ஜின், பாட்டரி, தொட்டி, நங்கூரம்.
ஆளுக்கு ஆள் எடை சொல்லுங்கள் என்றேன்.
ஆஸ்டிஸ் அறுபத்தெட்டு.
நான் எழுபத்தொன்று.
ஓரெஸ்ட் கூரையைப் பார்த்துவிட்டு
எண்பத்திரண்டு என்றான்.

கன்றுக் கொட்டகையின் ஹீட்டர் இரவல் வந்தது,
குளிரில் இந்த நுரை எழாது.
ஒரு வாளியில் தேன் நிறம்,
இன்னொன்றில் கருப்பட்டிப் பாகு.
கலக்கி, இருபது எண்ணுவதற்குள் ஊற்றிவிட வேண்டும்.
பொங்கியது. தொட்டால் சூடு.
முதல் அறையில் அளவு மிஞ்சிப் போய்
புதுப் பலகை ஒன்றை நெட்டிப் பிளந்தது.
அடுத்ததிலிருந்து சின்னச் சின்னதாக.
அடியில் தண்ணீர் வடிய ஒரு கால்வாய் விட்டோம்,
முன்பு கட்டியவர்கள் விடாதது.
எல்லா நுரையையும் அடியிலேயே அடைத்தால்
மூழ்கும் படகு
தூக்கத்தில் புரள்கிறவன் மாதிரி புரண்டுவிடும்.
பாதியை விளிம்புக்குக் கீழே
இரு விலாவிலும் ஏற்றினோம்.

புது என்ஜின் பழையதைவிட முப்பது கிலோ கூட.
பின்புறம் உட்கார்ந்துகொள்ள
அணியம் மேகம் பார்த்தது.
மனிதர்களுக்கு ஆகாத தலைக்கனம்
படகுக்குக் கொஞ்சம் வேண்டும்.
பாட்டரியை முன்னே கொண்டுபோனோம், அடி அடியாக வயர் நீட்டி.
தொட்டியை நடுவில்:
குறைந்துகொண்டே போகிற கனம்
எந்த ஓரத்திலும் இருக்கக் கூடாது.

ஜூன் கடைசியில் இறக்கினோம்.
இடப்பக்கம் சாய்ந்தது.
கருவிப் பெட்டியை நகர்த்தினேன். கயிற்றை நகர்த்தினேன்.
சாய்ந்தபடியே இருந்தது.
இடப்பக்கம் இருந்த ஓரெஸ்ட்
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"பூட்ஸ் கனம்."
"ரெண்டு பூட்ஸும் பதினேழு கிலோவா?"
என்றாள் ஆஸ்டிஸ்.
அவன் நடுப் பலகைக்கு மாறினான்,
ஏரி சமமானது.

நானும் நாலு கிலோ குறைத்துத்தான் எழுதியிருந்தேன்.
எதிர்ப்பக்கம் இருந்ததால்
என் பொய்
அவன் பொய்யை ஓரளவு தூக்கிப் பிடித்திருந்தது.
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

கடைசிச் சோதனை, துறைமுகத்துக்குள், மார்பளவு ஆழத்தில்.
என்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு
அதன் எடைக்கு மணல் மூட்டை கட்டி
அடைப்பானைப் பிடுங்கினோம்.
கணுக்கால். முழங்கால். மடி.
விளிம்பு ஒரு சாண் மிச்சமிருக்க
தண்ணீர் நின்றது.
ஏறுவதற்கு அதற்கு வேலை இல்லை.
படகு ஆடாமல்
நிறைந்து கிடந்தது.

பாலத்தில் சைக்கிளை நிறுத்திய ஒரு பையன் கேட்டான்,
"மூழ்கிட்டீங்களா?"
"ஆமாம்" என்றாள் ஆஸ்டிஸ்,
இடுப்பளவு ஏரியில் உட்கார்ந்தபடி
ஃபிளாஸ்கைத் திறந்து
மூன்று பேருக்கும் காப்பி ஊற்றினாள்.