தோட்ட எண் 41, ஓப்பாவ்

கடிதம் ஜூன் முதல் வாரம் வந்தது.
தோட்டச் சங்கத்தின் முத்திரை,
கீழே வாம்ஸ்கான்ஸ் கையெழுத்து:
தங்கள் புல்தரையில் மூவிலைக் குளோவர் பரவியிருக்கிறது.
பதினான்கு நாளுக்குள் அகற்றவும்.

பதினான்கு நாள்.
ஆலையில் ஒரு வால்வைக் கழற்ற
அதைவிட அதிக நாள் கேட்பார்கள்.

பத்தொன்பது வருடம் அமோனியா பிரிவில் ஷிப்ட் பார்த்தேன்.
காற்றைப் பிடித்து
நானூற்றைம்பது டிகிரியில் காய்ச்சி
இருநூறு மடங்கு நெரித்தால்தான்
நைட்ரஜன் வாயைத் திறக்கும்.
இரண்டு அணு, மூன்று பிணைப்பு,
கோர்ட்டுக்குப் போனாலும் பிரியாத தம்பதி.
'என் மாமனார் வீட்டுக் கதவு' என்பான் டுர்சுன்,
'தட்டினால் ஆகாது, உடைக்கணும்.'
ராத்திரி மூன்று மணிக்கு
கம்ப்ரஸரின் இரைச்சல் பல்லுக்குள் கேட்கும்.
ரைன் ஆற்றின் மேல் நீராவி
வெள்ளையாய்ப் படுத்திருக்கும்.

வேலிக்கு இந்தப் பக்கம்
சீமை மொச்சை ஒன்றைப் பிடுங்கினேன்.
வேரெல்லாம் முடிச்சு.
கேழ்வரகு அளவில் சில, கம்மல் திருகாணி அளவில் சில,
சில இடத்தில் கொத்தாக.
நகத்தால் ஒன்றைப் பிளந்தேன்.
உள்ளே இளஞ்சிவப்பு,
பால்பல் விழுந்த குழந்தையின் ஈறு.

ரத்தத்துக்குத் தங்கை முறை அந்த நிறம்.
உள்ளே இருப்பவற்றுக்கு மூச்சும் வேண்டும்,
மூச்சு கூடினால் வேலையும் கெடும்.
பிராணவாயுவை
ரேஷன் கடைக்காரன் மாதிரி அளந்து விடுகிறது சிவப்பு.

கம்ப்ரஸர் இல்லை. உலை இல்லை.
மண் உள்ளங்கைக்குக் குளிர்ச்சி.

எப்படி வந்தன?
வேர் முதலில் ஒரு வாசனையை அவிழ்த்துவிட்டது.
இருட்டிலிருந்து பதில் வந்தது.
வேர்மயிர் சுண்டுவிரலாய் வளைந்து
வந்ததைச் சுற்றிப் பிடித்தது,
செல் தாண்டிச் செல் வழிவிட்டது.
உள்ளே போன பாக்டீரியா
ஊதி, உருமாறி,
இனிப் பெருகாது.
இனி வெளியே, பழைய மண்ணுக்கு, திரும்பாது.
சர்க்கரை வாங்கும், அமோனியா கொடுக்கும்,
கடைசிவரை ஒரே ஷிப்ட்.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம்
மண்வெட்டியை ஊன்றி நின்றேன்.
வெயில் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரிவாயு விலை ஏறிய குளிர்காலத்தில்
எங்கள் பிரிவை மூடினார்கள்.
கடைசி இரவு நானும் டுர்சுனும்.
இரைச்சல் படிப்படியாய் இறங்கி
நின்றது.
டுர்சுன் காதைத் தட்டிப் பார்த்தான்,
தன் காதுதான் போய்விட்டதென்று.
மார்ச்சில் நான் விதை ஊன்றினேன்.
வேறென்ன செய்வது, பத்தொன்பது வருடப் பழக்கம்.

பன்னிரண்டாம் நாள்
வாம்ஸ்கான்ஸ் குறிப்பேட்டோடு நேரில் வந்தார்.
குளோவரைப் பார்த்தார். மொச்சையைப் பார்த்தார்.
'இதற்கு என்ன போடுகிறீர்கள்?'
'ஒன்றும் போடுவதில்லை.'
நம்பவில்லை.
தன் பாத்திக்குப் போய் ஒரு செடியோடு திரும்பினார்.
என்னுடையதைவிட ஒரு சாண் உயரம், இலை கரும்பச்சை.
வேர் மொட்டை.
கரையாத நீல உரமணி இரண்டு
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.
எங்கள் ஆலைச் சரக்கு.
என் ஷிப்டில் பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

வயிறு நிறைந்த வேர்
யாரையும் கூப்பிடுவதில்லை.

அதை நான் சொல்லவில்லை.
என் ஜெர்மனில் சொன்னால் புகார் மாதிரி ஒலிக்கும்.
இரண்டு செடிகளையும் பெஞ்சில்
பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.
என் வேரில் ஒரு முடிச்சைத் தேர்ந்து
கட்டைவிரல் நகத்தால் பிளந்தார்.
சிவப்பு ஒட்டியது.
கால்சட்டையில் துடைக்கப் போன கை
பாதியில் நின்றது.

'இன்னும் இரண்டு நாள் இருக்கிறது' என்றார்.
'தெரியும்' என்றேன்.
குளோவரில் தேனீக்கள் இருந்தன, சுற்றிக்கொண்டு நடந்தார்.

வாசல் கதவு சாத்திய பிறகுதான் கவனித்தேன்:
பெஞ்சில் கிடந்தது அவர் செடி.
என்னுடையதைக் காணோம்.