தபால் துளை

பூட்டை மாற்றியது செவ்வாய்க்கிழமை.
திருட்டா என்று கேட்டார் பூட்டுக்காரர்.
ஆமாம் என்றேன்.
யார் என்று கேட்கவில்லை.
பீட்டர்ஹெட்டில் அதை யாரும் கேட்பதில்லை,
தெருவுக்கு ஒரு வீடாவது
பூட்டை மாற்றியிருக்கும்.

மூன்று சாவி தந்தார்.
ஒன்று எனக்கு.
ஒன்று டூகலுக்கு, கடலிலிருந்து அவர் திரும்பினால்.
மூன்றாவதை மாவு டப்பாவுக்குள் புதைத்தேன்.
யாருக்கு என்று நானும் என்னைக் கேட்கவில்லை.

முதலில் போனவை கரண்டிகள்.
எனக்குத்தான் மறதி என்று நினைத்தேன்.
பிறகு சுவரில் துளைபோடும் மெஷின்.
பிறகு டூகலுடைய அப்பாவின் கைக்கடிகாரம்.
பிறகு ஒரு ஜோடித் தோடு,
படகில் வேலைக்குச் சேர்ந்து
முதல் சம்பளத்தில் அவனே எனக்கு வாங்கியது.
கொடுத்தவனே எடுத்தால்
அது எந்தக் கணக்கு?

மீன் ஆலையில் எனக்கு முப்பத்தோரு வருஷம்.
ஒரு ஹேடாக்கின் கண்ணைப் பார்த்தால் போதும்,
பிடித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன்.
மகனின் கண்ணைப் பார்த்து
எத்தனை மணிநேரம் என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன்.
அதற்குச் சம்பளம் கிடையாது.

வியாழன் மாலைகளில்
தேவாலயத்தின் பின்கூடத்தில் வட்டமாக நாற்காலிகள்.
ரோனா சொன்னாள்:
"மகள் சிறையில் இருக்கிறாள்.
இந்த மாதம் நான் நன்றாகத் தூங்குகிறேன்."
யாரும் திடுக்கிடவில்லை.
யாரோ பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கும் மருந்தை
ஒரு பொம்மையை வைத்துப் பழக்கினார்கள்.
ஆறு அம்மாக்கள், ஓர் அப்பா.
பொம்மையின் தலையை நிமிர்த்தும்போது
கழுத்துக்குக் கீழே கை கொடுத்தேன்,
கேட்காமலே,
பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோல.
சொல்லிக்கொடுத்த பெண்
"ரொம்பச் சரி" என்றாள்.

இன்று இரவு பதினொன்றரை.
பனியும் மழையும் கலந்து கொட்டுகிறது.
பூட்டுக்குள் ஒரு சாவி நுழையப் பார்க்கிறது,
பழைய சாவி,
திரும்பத் திரும்ப.

கதவை உதைப்பான் என்று நின்றிருந்தேன்.
"பூட்டு கெட்டுப்போச்சும்மா" என்றான் ஸ்ட்ரூவன்.
கெட்டுப்போச்சு என்றேன்.
ஆளுக்கொரு பக்கம் நின்று
அந்தப் பொய்யை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

தபால் துளையின் பித்தளை மூடியைத் தூக்கி
ரொட்டியைத் தள்ளினேன்.
காலுறையைச் சுருட்டித் தள்ளினேன்.
சூப் அடுப்பில் இருந்தது. அதை எப்படித் தள்ள?

"இருபது பவுண்டு மட்டும்."
இல்லை.
"பத்து."
இல்லைடா.
ஒத்திகை பார்த்த சொல்தான்.
பின்னால் ஒட்டிக்கொண்ட "டா"வை
ஒத்திகையில் நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் மழை மட்டும்.
அப்புறம் துளை வழியாக ஒரு கை வந்தது
மணிக்கட்டு வரை,
உள்ளங்கை மேலாக.

அதில் எதையும் வைக்கவில்லை. பிடித்தேன்.
ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.
நகங்கள் வளர்ந்து, அடியில் கறுப்பு.
நகவெட்டி எட்டும் தூரத்தில்தான் இருந்தது,
விற்றால் காசு தேறாத பொருள்.

மிதியடியில் உட்கார்ந்தேன்.
கட்டைவிரலில் தொடங்கினேன்.
இழுத்துக்கொள்ளவில்லை.
நாலு வயதில் இதற்குப் பயந்து
கட்டிலுக்கடியில் ஒளிந்தவன்,
முப்பத்திரண்டு வயதில்
மழைக்குள் அசையாமல் நிற்கிறான்.

இன்னொரு கை என்றேன்.
வந்தது.
வெட்டி முடித்தும் விடாமல்
நாடியை எண்ணினேன், கூடத்துக் கடிகாரம் பார்த்து.
அறுபத்தெட்டு.

காலடிகள் துறைமுகம் பக்கம் போயின.
ரொட்டியை எடுத்துப்போனானா என்று
கதவைத் திறந்து பார்க்கவில்லை.
மாவு டப்பாவையும் திறக்கவில்லை.
வியாழக்கிழமை இதைச் சொன்னால்
வட்டத்தில் சிலர் தலையாட்டுவார்கள்.
நகம் வெட்டியதைச் சொல்வேனா, தெரியவில்லை.

டூகல் படகிலிருந்து கூப்பிட்டு
வந்தானா என்பார்.
இங்கே பனிமழை என்பேன்.
அங்கேயும் என்பார்.

தரையில் பத்துத் துண்டுகள், மெல்லிய பிறைகளாக.
துடைப்பம் மூலையில் இருக்கிறது.
காலையில் பெருக்கலாம்.