அறுபது லிட்டர்

கடலை உள்ளே இழுத்து
உப்பை வெளியே தள்ளும் ஆலையில்
எனக்கு வேலை.
இன்றைக்கு எத்தனை கோடி லிட்டர் என்று
பலகையில் சிவப்பாய் எரியும்.
ஜுபைல் அறையில் இருப்பது அறுபது லிட்டர்.
அதைக் காப்பாற்றத்தான் தெரியாமல் போயிற்று.

தொட்டி வாங்கி, கல் கழுவி, நிரப்பி
அன்று மாலையே ஆறு ஜீப்ரா மீன்களை விட்டேன்.
புதன்கிழமைக்குள் ஆறும் மல்லாந்தன.
தண்ணீர் மட்டும் கண்ணாடி போல.
ஜெஸ்வின் எட்டிப் பார்த்தான்:
"பொரிக்கவும் கொள்ளாது, வளக்கவும் கொள்ளாது.
பின்ன எதுக்குலே இது?"
குளச்சல்காரன். மீன் என்றால் அவனுக்கு
எடை, விலை, மிளகாய்த்தூள்.

குளோரின்.
ஷிப்டில் அதை அளந்து கலக்கிற கை
என்னுடையது.
குழாய் குழாயாய் ஓடி, மாடித் தொட்டி ஏறி
கடைசியில் என் வாளிக்கே வந்திருக்கிறது.
பகலில் போட்டதை இரவில் நானே எடுக்கிறேன் இப்போது:
வாளி நீருக்கு அளந்த சொட்டு முறிப்பு மருந்து,
கலக்கி, காத்திருந்து,
பிறகுதான் ஊற்றுகிறேன்.

ஜூலையில் நீலப் புள்ளிக் குழாயைத் திறந்தால்
டீ போடலாம்.
அதனால் கீசரை அணைத்து வைத்திருக்கிறோம்.
குளியலறை நிழலில் தொங்கும் அதுதான்
கோடை முழுக்க எங்கள் மண்பானை.
சிவப்புப் புள்ளியில் குளிர்ச்சி, நீலத்தில் கொதி.
புதிதாய் வருகிறவன் ஒருமுறை அலறுவான்.
மீன் அலறாது. நீதான் கை வைத்துப் பார்க்க வேண்டும்.
இருபத்தாறு டிகிரி.

மீன்கடை ஷஃபிகுல்
அடுத்த மீனை விற்க மாட்டேன் என்றான்.
"முதலில் தண்ணீர் பழகட்டும் பாய்."
ஒரு சிட்டிகை தீனியை அழுகவிட்டு
ஆறு வாரம்
மீனில்லாத தொட்டிக்கு ஃபில்டர் ஓட்டினேன்.
கண்ணுக்குத் தெரியாத சிலர்
கல்லிலும் பஞ்சிலும் குடியேற வேண்டுமாம்,
மீனின் கழிவை அவர்கள்தான் தின்பார்களாம்.
அவர்களுக்கும் இகாமா கிடைக்க
நாளாகும்தானே.

பழுப்பேறிய பஞ்சைக் குழாயடியில் கழுவினால்
அவ்வளவு பேரும் ஒரே நாளில் காலி.
தொட்டியில் எடுத்த நீரிலேயே லேசாய்ப் பிழி.
வெள்ளையாக்கப் பார்க்காதே.
நீரையும் முழுதாய் மாற்றாதே,
வாரம் கால்பங்கு.
எடுத்த கால்பங்கை
பால்கனியின் பெயிண்ட் வாளிப் புதினா
குடித்துக்கொள்ளும்.

பிறகு வந்தன கப்பிகள், ஒரு ஆண், மூன்று பெண்.
எனக்கு நைட் ஷிப்ட்.
திரும்பினால் தொட்டி கஞ்சித்தண்ணி.
தீனி டப்பாவில் பாதி இல்லை.
"பாக்கப் பாக்க வாயத் திறக்குது, நான் என்ன செய்ய?"
எழுதி ஒட்டினேன்:
இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு.
வெள்ளிக்கிழமை பட்டினி.
"பெரிய வெள்ளிக்கே நான் இருக்க மாட்டேன்,
மீனுக்கு எல்லா வெள்ளியுமா?"
என்றான். ஆனாலும் இருக்கவைத்தான்.

ஆகஸ்டில் ஓர் இரவு, இரண்டு மணி,
ஆலைக்கு அவன் போன்.
ஏசி செத்துவிட்டது.
வாட்ச்மேன் காலையில்தான் ஆள் வரும் என்கிறார்.
"தொட்டி முப்பத்தொண்ணுலே."
நான் சொல்ல வாயெடுத்தேன்,
ஐஸை நேராகப் போடாதே, மீன் அதிர்ந்துவிடும்,
மூடியை இறுக்கி பாட்டிலோடு...
"பாட்டிலோடதான் போட்டேன்.
ஃப்ரீசர்ல நெய்மீனுக்க பக்கத்துல இருந்தது.
விளக்க அணைச்சாச்சு. மேல்மூடிய எடுத்தாச்சு.
அட்டைய வச்சி வீசிக்கிட்டு இருக்கேன்."

அவன் மூச்சு கேட்டது.
அட்டையின் சத்தமும்.

"எத்தனை இருக்கு?"
"பதினொண்ணு உண்டு."
"நாலுதானே வாங்கினோம்?"
"கொசு மாதிரி ஏழு,
செடிக்க பின்னாடி ஒளிஞ்சிருக்கு.
தாய் தின்னுரும்லே. நான் அங்க கைய வச்சி
மறிச்சிக்கிட்டு இருக்கேன்."

பலகையில் கோடிகள் மாறிக்கொண்டே இருந்தன.
இரண்டு மணிக்கான அளவை
பதிவேட்டில் எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலால்,
11.