ஒரே அடி

ஏழாம் பாகத்திலும்
ஒரே அடிதான் அந்த வௌவாலுக்கு.
தீப்பிடித்த சிறகு, பனி பூத்த சிறகு,
மின்னல் தெறிக்கும் சிறகு என்று
பாகத்துக்கொரு சாயம்;
சாவில் மாற்றமில்லை.
விழுந்தால் ஒரு செப்புக்காசு,
சில சமயம் அதுவுமில்லை.

டொம்லூர் அலுவலகத்தில்
இரவெல்லாம் அடித்துப் பார்ப்பது என் வேலை.
நானூற்றுப் பன்னிரண்டாவது மட்டும்
பாய்ந்து வரவில்லை.
குகை மூலையில் தலைகீழாகத் தொங்கி
என் வாளையே பார்த்துக்கொண்டிருந்தது.
கேடயத்தைத் தட்டினேன்.
ம்ஹூம்.

பிழை என்று எழுதவேண்டும்.
படிவத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு
டீ குடிக்க இறங்கினேன்.
ஐந்தரை மணி.
தூங்குமூஞ்சி மரத்தில்
திரும்பி வந்தவை
கிளைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு எத்தனை விழுந்துச்சு?"
பாலை ஆற்றியபடி கேட்டான் மஞ்சப்பா.

"நானூத்திப் பதினொண்ணு."