மறுகா

புலிபாய்ந்தகல்லுக்கு அங்கால
ஏழாம் பாதையில் முழங்காலில் நிற்கிறேன்.
ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்கு வெந்நீர்.
வெளியே கச்சான் அடிக்கிறது,
சிவப்புத் தலைக் கட்டைகளை ஆட்டிப் பார்க்கிறது.

கருவி கத்துகிறது.
எட்டு வருடத்தில் அதன் குரல்கள் பழகிவிட்டன:
ஆணிக்குச் சிணுங்கல்,
மீன் ரின் மூடிக்கு அகன்ற முறைப்பாடு,
கோதுக்குக் குட்டையாய், வெட்டினாற்போல் ஒன்று.
என்றாலும் நம்பக் கூடாது.
நம்பிக் கிளறிய யோகமலரின் வலக்கையில்
இப்போது மூன்று விரல்கள்
கிரானில் தையல் மெசினோடு மல்லுக்கட்டுகின்றன.

பக்கவாட்டில் சுரண்டுகிறேன்,
ஒள்ளம், இன்னும் ஒள்ளம்.
பாவட்டை வேர். ஒரு நத்தை ஓடு.
பிறகு பச்சை பிடித்த பித்தளை.

வழமையானது என்றால் வாளிக்குள் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன்.
ஏழு அறுபத்திரண்டைத் தடவியே சொல்வேன்,
அடியில் ஒரு பக்கம் ஆலை இலக்கம், எதிர்ப்பக்கம் ஆண்டு.
ஐந்து ஐம்பத்தாறு மெலிந்தது. ஒன்பது குட்டையன்.
கூட்டாளிகள் நாலைந்து பேர் இருந்து கச்சான் தின்றுவிட்டு
எழும்பிப் போன இடம்போலக் கிடக்கும் அவை,
ஒரே இடத்தில், கும்பலாய்.

இது தனியாக வந்தது.
நீளம் கூட. அடியில் ஒரு வட்டத் தட்டு,
மூக்குத்தித் திருகாணி மாதிரி வெளியே தள்ளி.

ஓய்வுக்கு விசில் ஊதியதும்
தகரப் பந்தலுக்குள் கொண்டுபோய்
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
இரண்டு எழுத்து. பிறகு 1943.

ஓட்டமாவடி ஹில்மி தேத்தண்ணியை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.
"திறீ நொட் திறீ. வேறொரு சண்டைக்குச் செய்த சாமான்,
வெள்ளைக்காரன்ட."
யார் சுட்டது என்றேன்.
"அத மட்டும் கேக்காதீங்க புள்ள.
பொலிசுக்கும் இருந்த, ஊர்காவலுக்கும் இருந்த,
மான் அடிக்கிறவனுக்கும் இருந்த,
பொடியன்மாரும் முதல்ல இதத்தான் தூக்கின."

சரிதான். எல்லாருக்கும் இருந்தது.
ஆனால் நான் பார்த்தது ஆண்டை அல்ல.
அடியின் நடுவில், செப்புப் பொட்டில்,
ஊசி குத்திய பள்ளம்
இரண்டு.

ஒன்று ஆழம். ஒன்று ஆழமில்லை.
ஒன்றுக்கொன்று எதிரெதிராய், சற்றே விலகி.
முதல் அடிக்கு அது வெடிக்கவில்லை.
கிழட்டு மருந்து, எந்தக் கிடங்கில் எத்தனை மாரி நனைந்ததோ.
இழுத்து எறிந்திருக்கிறான்.
பிறகு கைவசம் வேறு இல்லாமல்
குனிந்து, இதே மண்ணில் தடவி எடுத்து,
சட்டையில் துடைத்து,
மறுகா போட்டிருக்கிறான்.
வேறு பக்கம் திரும்பி விழுந்திருக்கிறது பள்ளம்.

இரண்டு குத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம்?
நான் செய்து பார்த்தேன்.
குனிந்தேன், எடுத்தேன், ஊதினேன்.
ஹில்மி சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
ஆறு எண்ணலாம். கை நடுங்கினால் ஒன்பது.

எதிரே நின்றது மானாக இருந்தால்
அந்த ஆறு போதும், காடு கிட்ட.
மனிதராக இருந்தால்
'டிக்' என்ற அந்தச் சத்தம் கேட்டிருக்குமா,
கேட்டும் கால் எழும்பாமல் நின்றிருப்பாரா,
அல்லது வாகனேரிப் பக்கம் இப்போதும்
எருமைத் தயிர்ச் சட்டி அடுக்கிக்கொண்டு
இதை யாருக்கும் சொல்லாமல் இருக்கிறாரா.

பதிவேட்டில் கட்டங்கள் உண்டு:
பாதை, ஆழம், வகை, நிலை.
நிலை என்ற இடத்தில் 'வெற்று' என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
பேனையை எடுத்துவிட்டு
மறுகா வைத்து
ஒரு புள்ளி போட்டேன், பக்கத்திலேயே இன்னொன்று.
மேலிடத்தில் யாராவது மை கொட்டியது என்று நினைக்கட்டும்.

மாலையில் பித்தளையை நிறுப்பார்கள்.
அதற்குள் விசில்.
கவசத்தை இறக்கினேன்.
ஏழாம் பாதையில் இன்னும் இருபத்திரண்டு மீற்றர்.